பேங்க்குக்குக் காய் கிடையாது

ஒரு விடுகதை. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பான், தனக்கென்று ஒரு வீடு கட்ட மாட்டான். ஆட்டம் முடிகிறவரை கூடவே இருப்பான், அவனுக்கு நகர்த்த ஒரு காய் இருக்காது. ஜெயிக்கவும் மாட்டான், தோற்கவும் மாட்டான். அவன் யார்? உடனே சொல்ல வேண்டாம், இதழினியும் உடனே சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் பஸ் ஏறியதும் அவளிடம் இதைப் போட்டேன். பள்ளிபாளையம் பாலத்தில் காவிரி தெரிகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். ஈரோட்டில் இறங்கும்போது, "எனக்குத் தெரியுமுங்கப்பா, ஆனா இப்பச் சொல்ல மாட்டேன்" என்றாள். தெரிந்தால் சொல்லிவிட வேண்டியதுதானே. தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது அவள் அம்மா கோகிலாவின் வழி, நான் தெரியாததையும் சொல்லிவிடுகிற ஆள். இப்போது கடையின் மாடியில் நிற்கிறோம். கீழே நோட்டும் பேனாவும், மேலே விளையாட்டுச் சாமான். மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை, புது பிளாஸ்டிக் வாசனை மட்டும் வருகிறது. இதழினியின் முன்னால் ஐந்து பெட்டிகள். ஐந்துமே ஒரே ஆட்டம்தான், எல்லா வீட்டிலும் ஒரு காலத்தில் அலமாரி மேல் கிடந்த அந்த வியாபார ஆட்டம், பகடையை உருட்டிக் கட்டம் கட்டமாகப் போய் ஊர்களை வாங்கி, வீடு கட்டி, அடுத்தவர் வந்து நின்றால் வாடகை கேட்கிற ஆட்டம். இப்போது அதற்கு வேஷம் போட்டிருக்கிறார்கள். ஒன்று ரயில், ஒன்று காடு, ஒன்று கடல், ஒன்று தமிழ்நாடு, ஒன்று விண்வெளி. எங்கள் வீட்டுப் பலகை நடுமடிப்பில் இரண்டாகக் கிழிந்து, மும்பை ஒரு பக்கமும் நாகபுரி ஒரு பக்கமுமாகப் போய்விட்டது. பிறந்த நாளுக்குப் புதுசு வாங்கித் தருகிறேன், எது வேண்டுமோ நீயே எடு என்று சொல்லிக் கூட்டிவந்தேன். நீயே எடு என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லும்போது விண்வெளியைப் பற்றி எனக்குத் தெரியாது.

விண்வெளிப் பெட்டியில் நோட்டுக்கட்டு கிடையாது. அதற்குப் பதில் ஒரு மெஷின் இருக்கிறது, பெட்ரோல் பங்கில் அட்டை தேய்க்கிற மெஷினின் குட்டி போல. ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையை அதன்மேல் வைத்தால் பணம் போகும், வரும், யாரிடம் எவ்வளவு என்று அதுவே சொல்லும். கடைக்கார அம்மா மாதிரிக்கு ஒன்றைத் திறந்தே வைத்திருந்தார். வசந்தாமணி என்று பெயர், சட்டையில் குத்திய அட்டையில் இருந்தது. அவர் அட்டையை வைத்துக் காட்டியதும் இதழினி "ஐ!" என்றாள். நான் எதற்கு என்று பார்த்தேன். "டிங்னு சத்தம் போட்டுச்சுங்கப்பா, கேக்கலீங்களா?" கேட்கவில்லை. எனக்கு அந்த மாதிரி மெல்லிய சத்தங்கள் போய் வெகுநாளாயிற்று. கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பாறையைக் குடைகிறவனின் காதில் கொசுவும் கொலுசும்தான் முதலில் போகும். "இப்பெல்லாம் பசங்க இந்த மெஷின் வச்சதைத்தானுங்கண்ணா கேக்குதுக" என்றார் வசந்தாமணி. "பணத்த எண்ணி எண்ணிச் சண்டை போட வேண்டியதில்ல பாருங்க. பேங்க் ஆளே வேண்டாம்." பேங்க் ஆளே வேண்டாம். அவர் பாவம், சரக்கைப் பற்றிச் சொன்னார். பேங்க் ஆளே வேண்டாம். நான் ரயில் பெட்டியைக் கையில் எடுத்து, சிக்னல் படத்தைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பேங்க் நான்தான்.

நான் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் ஊர் வண்டிகள் வடக்கே போனால் மழை பிடித்தால்தான் திரும்பும். மழை முடிந்துவிட்டது, புதன்கிழமை வண்டி கிளம்புகிறது, சத்தீஸ்கர் பக்கம். தூரத்தில் இருக்கிற அப்பனிடம் குழந்தைக்குப் பேச என்ன இருக்கும்? "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன் அம்மிணி. நீ?" "சாப்டேன். அம்மாகிட்டக் குடுக்கறேன்." அவ்வளவுதான், போன் கை மாறிவிடும். அவளைக் குறை சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்றால் நல்லாருக்குது என்பாள், படிப்பு எப்படி என்றால் அதுவும் நல்லாருக்குது. கல்லுக்குள் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று தெரியும், ராடு மேல் ராடு இறக்கியும் வெள்ளைத் தூளாகவே வருகிற நாள் உண்டு, அந்த மாதிரி. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உங்கள ஆட்டத்துல சேத்துக்கலாம்னு அடம் பிடிக்கறா, நீங்க பேங்க்கா இருங்க" என்றாள் கோகிலா. போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தார்கள். நோட்டுப் பெட்டி அவர்களிடம், அதிகாரம் என்னிடம். நான் "குடுத்தாச்சு" என்று சொல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. சிக்னலுக்காக, ரிக்கோடு கூடவே வருகிற சப்போர்ட் லாரியின் கேபின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். கீழே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிற சமையல்காரர் ராசண்ணன் அண்ணாந்து பார்த்து, "பேங்க் மேனேஜரே, நமக்கும் ஒரு லோன் பாத்துப் போட்டு விடுங்க" என்பார். "பேங்க், பேங்க், அம்மா சென்னைல வீடு கட்டுது, பணத்த எடுத்துக்கோங்க." "எடுத்தாச்சு." "அம்மா சிரிக்குதுங்கப்பா, என்னமோ ஏமாத்துது." "ஏனாமா சிரிக்குது?" "நான் எங்க கணக்கு மிஸ் மாதிரி நடந்து காமிச்சேன், அதுக்கு." "எப்படி நடப்பாங்க?" "வாத்து மாதிரிங்கப்பா. இன்னைக்கு எங்க கிளாஸ் அஃப்ராகூட நான் டூ விட்டுட்டேன்." "ஏஞ்சாமி?" "இருங்க, பகடை உருட்டிட்டுச் சொல்றேன்." ஒரு உருட்டலுக்கும் அடுத்த உருட்டலுக்கும் நடுவில் அந்த வாரம் முழுக்க வந்து விழுந்துவிடும். அஃப்ராவோடு சண்டை, ஆடுகிற பல், மாடிப்படியில் குட்டி போட்ட பூனை. கேட்காமலே வரும். எனக்கு அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று ஒருநாளும் நினைவிருந்ததில்லை.

சிக்னல் அறுந்து போவதும் உண்டு. அறுந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பார்களாம். "நாமளே எடுத்துக்கலாம் கண்ணு, அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்று கோகிலா சொன்னால், "பேங்க் சொல்லாம எடுத்தா அது திருட்டு" என்பாளாம் இதழினி. ஒருதடவை காட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டோம், கேபின் மேல் ஏறினாலும் ஒரு கோடு கூட வரவில்லை, அடுத்த ஊருக்கு வந்து சேருகிறவரை வீட்டோடு பேச்சில்லை. பேச்சு வந்ததும் கோகிலா முதலில் சொன்னது, "சீக்கிரம் பேங்க் பணத்தைக் குடுத்து விடுங்க, நடு வீட்ட என்னால கூட்ட முடியல" என்பதுதான். என் மகள் பலகையை எடுக்க விடவில்லை. காய், நோட்டு, வீடு எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க, அதன்மேல் துணிக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். கூடையைச் சுற்றிக் கூட்டி, கூடையைச் சுற்றிச் சாப்பிட்டு, கூடையைச் சுற்றிப் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். வந்துபோகிறவர்களெல்லாம் உள்ளே கோழிக்குஞ்சா என்று கேட்டார்களாம். அதைக் கேட்டுச் சிரித்தேன், சிரித்துவிட்டு லாரியின் பின்பக்கமாகப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று ராசண்ணனிடம் சொன்னேன். மெஷின் இருந்தால் கூடை கவிழ்க்க வேண்டியதில்லை. அது காட்டுக்குள் போகாது. பேட்டரி தீர்ந்தால் முக்குக் கடையில் கிடைக்கும். சொம்பு இருந்த இடத்தில் அது உட்கார்ந்து எனக்குக் கேட்காத சத்தத்தில் டிங் டிங் என்று சொல்லிக்கொண்டிருக்கும், அம்மாவும் மகளும் நிற்காமல் ஆடி முடிப்பார்கள். நான் கேபின் மேல் உட்கார்ந்து, சாப்டீங்களா, சாப்டேன், அம்மாகிட்டக் குடுக்கறேன். சிரித்தால் ஏன் சிரிக்கிறாய் என்று அந்த மெஷின் கேட்குமா? கேட்காது. கேட்காவிட்டால் என்ன, பக்கத்தில் அம்மா இருக்கிறாள், கேட்பாள். நான் ஏன் ஒரு விளையாட்டுச் சாமானோடு இப்படிப் போட்டி போடுகிறேன்?

இந்த மழைக்கு நான் வீடு வந்த முதல் ஞாயிறு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். சாயங்காலம் நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறேன், கோகிலா பலகையை விரித்தாள், இதழினி சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள், போனை அதன்மேல் சாய்த்தாள், கோகிலா பழக்கத்தில் என் நம்பரை அழுத்திவிட்டாள். ஆணியில் தொங்கிய என் சட்டைக்குள் போன் அடித்தது. மூன்று பேரும் சட்டையைப் பார்த்தோம். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கோகிலா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், "எடுங்க, ஊட்டுல இருந்து கூப்படறாங்க, என்னன்னு கேளுங்க" என்றாள். இதழினி தரையில் புரண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. பலகையின் ஒரு பக்கம் கோகிலா, ஒரு பக்கம் இதழினி, எனக்கென்று இருந்த பக்கத்தில் சொம்பு. சொம்பை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன், நோட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பாதி ஆட்டத்தில் இதழினி ஆடாமல் கிடந்த மஞ்சள் காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "நீங்க காய் வைக்க மாட்டீங்களாப்பா?" என்றாள். "பேங்க்குக்குக் காய் கிடையாது அம்மிணி. எல்லார் பணமும் பேங்க்குக்குத் தெரியுமல்ல, அது ஆடுனா நாயமா இருக்காது" என்றேன். நல்ல பதில்தான், யாரும் மறுக்க முடியாத பதில். அவளும் மறுக்கவில்லை. காயைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள், போட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை, டப்பா மூடியதைத்தான் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி கோகிலா, "ஆடியிருக்கலாமுல்ல" என்றாள். "எதை?" என்றேன். ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெரிந்ததைச் சொல்லாமலிருக்கிற வழி.

இதழினி இன்னும் பெட்டிகளின் முதுகுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். மற்றக் குழந்தைகள் முன்பக்கத்தைப் பார்த்து எடுத்துவிடுவார்கள், இவள் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற விதிமுறை, உள்ளே என்னென்ன இருக்கிறது, எத்தனை பேர் ஆடலாம், எல்லாவற்றையும் உதட்டை அசைத்துப் படிக்கிறாள். ஒவ்வொரு பெட்டியாகக் கையில் ஏந்திப் பார்க்கிறாள். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயக்காட்டில் நடப்பாரே, அந்த நடை நினைவுக்கு வருகிறது. தேங்காய் எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அங்கே கல்லை வைப்பார்கள், அங்கே நாங்கள் வண்டியை நிறுத்துவோம். நிலத்துக்காரர் தேங்காயையே பார்த்துக்கொண்டு கூடவே நடப்பார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்களேன் என்பார், அவருக்கு அவருடைய வரப்பு ஓரமாகவே தண்ணீர் வர வேண்டும். இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். "அம்மிணி, இந்த ரயில் பாரு, ஸ்டேஷனெல்லாம் வாங்கலாமாட்ட இருக்குது. நாங்க போற ரூட்டெல்லாம் வருது." "பாத்தனுங்கப்பா." "காடு? யானை, கரடியெல்லாம் காயா வருது." "அது சின்னப் பசங்களுக்குங்க." "கடல்?" "நமக்கு நீச்சலே தெரியாதுங்களே." வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டார். "அப்பத் தமிழ்நாடு எடுத்துக்கோ, எல்லாம் நம்ம ஊரு." "திருச்செங்கோடே இல்லீங்கப்பா. நாமக்கல்லு கூட இருக்குது." "பேப்பர்ல எழுதி நாமளே ஒட்டிக்கலாம்." "எதுக்கு மேல ஒட்டறது? ஊட்டிய மறைக்கறதுங்களா?" "அண்ணா, நீங்க பாப்பாவ ஜெயிக்க முடியாதுங்க" என்றார் வசந்தாமணி. ஜெயிக்கவும் மாட்டான், தோற்கவும் மாட்டான். அந்த நான்கு பெட்டியிலும் நோட்டுக்கட்டு இருக்கிறது. பெட்டியைக் குலுக்கினால் கட்டு இடம் மாறுவது கைக்குத் தெரிகிறது. நான்கில் எதை எடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்டு. இவ்வளவு வெளிப்படையாக நான் நான்கை மட்டும் காட்டுகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் சொல்ல மாட்டாள்.

அவள் கை விண்வெளிப் பெட்டிக்குப் போகிறது. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே வைத்திருக்கிறாள். மெஷினைத் தொட ஆசைப்படாத குழந்தை உண்டா? நானே ஊரில் முதல்முதலாக ரிக் வண்டி வந்தபோது அதன் லீவரைத் தொட்டுப் பார்க்கத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். ஆசைப்படட்டும். எடு என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிட்டால் நானே கொடுத்தது போல இருக்கும், பறிபோனது போல இருக்காது. குடுத்தாச்சு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், பேங்க்குக்குப் பழக்கமான வார்த்தை. வாயைத் திறக்கிறேன், மின்விசிறிக் காற்று இப்போதுதான் முகத்தில் படுகிறது. அதற்குள் அவள் வசந்தாமணியிடம் திரும்பி, "அக்கா, இதுல பேங்க்கா யாரும் உக்காரவே கூடாதுங்களா?" என்று கேட்கிறாள். "உக்கார வேண்டியதே இல்ல கண்ணு. மெஷினே எல்லாம் பாத்துக்கும்." "அப்ப எல்லாருக்கும் காய் உண்டுங்களா?" "ஆட்டத்துல இருக்கற எல்லாருக்கும் உண்டு." "பெரியவங்களுக்கும்?" "பெரியவங்களுக்கும்தான். ஏன், உங்கப்பாவ ஓட விடப் போறியா?" திறந்திருக்கிற பெட்டிக்குள் விரலை விட்டுக் காய்களைக் கிளறுகிறாள். குட்டிக் குட்டி ராக்கெட்டுகள். மஞ்சள் ராக்கெட் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையோரம் பிடித்துப் பார்க்கிறாள், பொருந்துகிறதா என்று பார்ப்பது போல. "புதன்கிழமைக்கு அப்பறம் உங்க பகடைய நான் உருட்டறனுங்கப்பா. எத வாங்கோணும், எங்க வீடு கட்டோணும்னு நீங்க போன்ல சொல்லோணும். அம்மா உருட்டுனா ஏமாத்தும்." நான் தலையை ஆட்டுகிறேன். "சிக்னல் போச்சுன்னா?" என்று கேட்கிறேன். "கூடையப் போட்டு மூடி வெச்சுருவேன். உங்க முறை வர்ற வரைக்கும் யாரும் ஆடக் கூடாது." பிறகு என் கையிலிருந்த ரயில் பெட்டியை வாங்கி அதன் இடத்தில் நேராக வைத்துவிட்டு, "உங்க விடுகதை இனிமே செல்லாதுங்கப்பா" என்கிறாள்.

வசந்தாமணி எது என்று கேட்டார். இதழினி விண்வெளி என்றாள். மஞ்சள் காய் எனக்கு.